நடையைக் குறைப்பது பாதுகாப்பு ஆகாது

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்னும் நரம்பு நோயுடன் வாழ்வோரின் வீடுகளில் ஒரு சொல் அன்றாடம் ஒலிக்கிறது: “நீ உட்கார், நான் எடுத்துத் தருகிறேன்.” அன்பினால் சொல்லப்படும் சொல் அது. ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தவர் மறுமுறை விழாதிருக்க வேண்டும் என்னும் அக்கறையில் பிறந்த சொல். ஆயினும் அந்தச் சொல், பல நேரங்களில், நோயைவிட விரைவாக நடையைப் பறித்துவிடுகிறது என்பதே நரம்பியல் துறையில் பணியாற்றும் எங்களுடைய உறுதியான கருத்து. அக்கருத்தையும், அதற்கான காரணங்களையும், காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் வாழும் குடும்பங்கள் செய்யக்கூடியவற்றையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தள்ளாட்டம் ஒன்று, காரணங்கள் பல

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் உறை அமைந்துள்ளது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே இவ்வுறையைத் தாக்கிச் சிதைப்பதுதான் எம்.எஸ். நோய். உறை சிதைந்த இடத்தில் நரம்பின் செய்தி தாமதமாகச் செல்கிறது, அல்லது செல்லாமலே நின்றுவிடுகிறது. பாரிஸ் நகர மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோ 1868-ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக வரையறுத்தார். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். ஐரோப்பிய நாடுகளைவிட இந்தியாவில் இது குறைவாகவே காணப்படுகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை மிகுதியாகப் பாதிக்கிறது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயதில், குழந்தையை இடுப்பில் சுமக்கும் வயதில், நடை தடுமாறத் தொடங்குகிறது என்பதே இந்நோயின் கொடுமை.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று வகையான செய்திகள் மூளைக்குத் தேவை. கண் ஒன்றைச் சொல்கிறது. உட்செவி ஒன்றைச் சொல்கிறது. பாதமும் மூட்டுகளும் தரையின் தன்மையைச் சொல்கின்றன. இம்மூன்றையும் இணைத்துத் தசைகளை ஒழுங்குபடுத்துவதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. எம்.எஸ். நோய் இவற்றுள் எந்த இடத்தையும் தாக்கக்கூடும். ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே தள்ளாட்டமாகத் தோன்றுவது, ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு காரணத்தால் ஏற்பட்டிருக்கலாம்.

பாதத்தின் உணர்வு குறைந்தவர், கண்ணைக் கொண்டே தம்மை நிலைநிறுத்திக் கொள்கிறார். பகலில் நன்றாக நடப்பார். மின்சாரம் நின்ற இரவில் விழுவார். முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடிய நொடியில் ஒரு பக்கமாகச் சாய்வார். சிறுமூளை பாதிக்கப்பட்டவருக்கோ கண் திறந்திருந்தாலும் தள்ளாட்டம் உண்டு. கால்களை அகற்றி வைத்து நடப்பார். தேநீர்க் குவளையை எடுக்கும்போது கை நடுங்கும். மூன்றாமவருக்குக் கணுக்கால் வலுவிழந்து பாதம் தொங்குவதால், செருப்பின் முனை தரையில் தேயும், நிலைப்படியில் தடுக்கும். நான்காமவருக்குத் தொடைத் தசைகள் இறுகிக் கால் மரம்போல் விறைக்கும். ஐந்தாமவர் சிறுநீரை அடக்க இயலாமல் கழிப்பறைக்கு விரைந்து ஓடும்போதே விழுகிறார்; அவருக்கு முதலில் தேவைப்படுவது சிறுநீர்ப்பைக்கான மருத்துவம்.

இதனால்தான், “தலை சுற்றுகிறது, விழுந்துவிட்டேன்” என்று மட்டும் சொல்லாமல், எங்கே, எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது, எந்தப் பக்கமாக விழுந்தீர்கள் என்று சொல்லுமாறு வேண்டுகிறோம். விழுந்ததை மட்டுமன்றி, விழப் பார்த்துச் சுவரைப் பற்றிக்கொண்டதையும் சொல்லுங்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்று மாத காலத்துக்குள் ஒருமுறையேனும் விழுந்தது தெரியவந்தது. விழுவது உங்களுடைய கவனக்குறைவு அன்று. அதை மறைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

உட்கார வைப்பதால் நேரும் இழப்பு

ஒருமுறை விழுந்தவர் அஞ்சுகிறார். அஞ்சுவதால் நடையைக் குறைக்கிறார். நடை குறைந்தால் தொடையும் இடுப்பும் வலுவிழக்கின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, மூச்சு வாங்குகிறது. சில மாதங்களில், முன்பு எளிதாகக் கடந்த பத்தடி தூரமே அரிதாகிவிடுகிறது. அப்போது மீண்டும் விழுகிறார். குடும்பத்தார் மேலும் கட்டுப்படுத்துகின்றனர். இந்தச் சுழலில் நோயால் நேர்ந்த இழப்பு எவ்வளவு, அசையாதிருந்ததால் நேர்ந்த இழப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே கடினமாகிவிடுகிறது. முன்னதை முழுமையாக மீட்பது பல நேரங்களில் இயலாது. பின்னதைப் பெருமளவுக்குத் தடுக்கலாம்.

முற்காலத்தில் மருத்துவர்களே இந்நோயாளிகளுக்கு ஓய்வைப் பரிந்துரைத்தனர். உழைத்தால் நோய் கிளர்ந்தெழும் என்று அஞ்சினர். அந்த அறிவுரை இன்றும் பல குடும்பங்களில் வழங்கி வருகிறது. ஆனால் உடற்பயிற்சி நோய்த்தாக்குதலை மிகுவிப்பதில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தியுள்ளன. முறையான பயிற்சி நடையையும் சமநிலையையும் மேம்படுத்துகிறது. அது விழுவதையே முற்றிலும் ஒழித்துவிடும் என்று நாங்கள் வாக்களிக்கவில்லை. பயிற்சியின்றி இருப்பதைவிட நல்ல நிலையில் வைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்கிறோம்.

சமநிலை கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று என்பதைக் காசிமேட்டு மக்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. முதன்முதலில் கடலுக்குச் செல்லும் இளைஞர் படகில் நிற்கவே தடுமாறுகிறார். சில மாதங்களில், அலையில் படகு ஆடிக்கொண்டிருக்கும்போதே வலையை இழுக்கிறார். அலை முன்போலவே இருக்கிறது. அவருடைய மூளை பழகிவிட்டது. நோயுற்ற மூளையும் இவ்வாறு பழகும் ஆற்றலை முழுவதும் இழப்பதில்லை. மெதுவாகப் பழகும், பலமுறை செய்தால்தான் பழகும். படகில் ஏறாதவருக்கு அந்தப் பழக்கம் வராதது போல, எழுந்து நிற்காதவருக்கும் சமநிலை வராது.

பயிற்சி என்றதும் பெரிய கருவிகளை எண்ண வேண்டியதில்லை. உறுதியான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், சுவரருகே நின்று உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுதல், பாதங்களை ஒட்டிவைத்து நிற்றல், பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தல் ஆகியவற்றிலிருந்தே தொடங்கலாம். எவை உங்களுக்கு ஏற்றவை என்பதை இயன்முறை மருத்துவர் உங்களைப் பரிசோதித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

வெயிலும் பனிக்கட்டியும்

“காலையில் நன்றாக இருந்தார், மதியம் கடைக்குப் போய் வந்ததும் கால் ஓடவில்லை” என்று பலர் கலங்கி வருகின்றனர். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-ஆம் ஆண்டிலேயே இதனைப் பதிவு செய்துள்ளார். உடல் வெப்பம் அரை டிகிரி உயர்ந்தாலும், உறை சிதைந்த நரம்பில் செய்தி தடைப்படும். பார்வை மங்கும், கால் தளரும். எம்.ஆர்.ஐ. பரவலாவதற்கு முந்தைய காலத்தில், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி, அறிகுறிகள் மிகுகின்றனவா என்று பார்ப்பதே நோயறியும் முறைகளுள் ஒன்றாக இருந்தது. உடல் குளிர்ந்ததும் இத்தளர்ச்சி பொதுவாக நீங்கிவிடும். புதிய சேதம் நேர்ந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

சென்னையின் சித்திரை, வைகாசி மாதங்களில், கடற்காற்றின் ஈரப்பதமும் சேரும்போது, வியர்வை உலராமல் உடல் வெப்பம் எளிதில் ஏறுகிறது. ஆகவே நடைக்கும் பயிற்சிக்கும் அதிகாலையே உகந்தது. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வாழும் குடும்பங்கள் ஏலத்துக்காக விடியுமுன்னரே விழித்துக்கொள்கின்றன. அந்தக் குளிர்ந்த பொழுதில் கால் மணி நேரத்தை நோயாளியின் நடைக்கு ஒதுக்குவது இயலக்கூடியதே. நடப்பதற்கு முன்னர்க் குளிர்ந்த நீரைப் பருகலாம். குளிர்நீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். மீனுக்காகப் பனிக்கட்டி உடைக்கப்படும் ஊரில் இதற்குத் தட்டுப்பாடு இராது. ஆனால் பனிக்கட்டியைத் தோலின்மேல் நேரடியாக வைக்கக் கூடாது. உணர்வு குறைந்த இடத்தில் தோல் புண்ணாவதே தெரியாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நம் பகுதிக் குடும்பங்களுக்கு வருவாய் குறையும் காலம் என்பதை அறிவோம். கடலுக்குச் செல்லும் ஆடவர் வீட்டிலிருக்கும் காலமும் அதுவே. மனைவிக்கோ மகளுக்கோ தாய்க்கோ பயிற்சியில் துணைநிற்கவும், குளியலறைச் சுவரில் கைப்பிடி ஒன்றைப் பொருத்தவும் அந்நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டுப் பணி முழுவதையும் பெண்கள்மீதே சுமத்தி வைத்துவிட்டு, நோயுற்ற பெண்ணிடம் “களைப்படையாதே” என்று அறிவுறுத்துவதில் பொருளில்லை.

கைத்தடியைக் குறித்த நாணம்

முப்பது வயதுப் பெண்ணிடம் கைத்தடியைப் பரிந்துரைத்தால் முகம் வாடுகிறது. “இந்த வயதில் கம்பா?” என்று உடன்வந்தவரும் கேட்கிறார். ஆடவருக்கு இன்னொரு துன்பமும் உண்டு: தெருவில் தள்ளாடினால் குடித்திருப்பதாக எண்ணிப் பிறர் விலகிச் செல்கின்றனர், பேச்சும் சற்றுக் குழறினால் எண்ணம் உறுதிப்பட்டுவிடுகிறது. மதுவும் சிறுமூளையைத்தான் தாக்குகிறது. ஆகவே இரு தள்ளாட்டமும் ஒன்றுபோலத் தோன்றுவதில் வியப்பில்லை. இந்நோயுள்ளவர் மதுவைத் தவிர்ப்பது நல்லது என்று நாங்கள் சொல்வதும் அதனாலேயே. ஆனால் பார்த்தவுடன் தீர்ப்பு வழங்கும் பழக்கத்தால், எத்தனையோ பேர் மாலை நேரங்களில் வெளியே வருவதையே நிறுத்திவிட்டனர்.

கைத்தடி தரைக்கும் கைக்கும் இடையே கூடுதலான ஒரு செய்திவழியைத் திறக்கிறது. பாதம் சொல்லத் தவறியதை உள்ளங்கை சொல்கிறது. சோர்வு குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது. தடியைக் கண்ட பிறர் வழிவிடுகின்றனர். வலுக்குறைந்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் அதைப் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பளவுக்கு உயரம் இருக்க வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தவுடன் மாற்ற வேண்டும். மீன் சந்தையின் ஈரத்தரையில் தேய்ந்த ரப்பர் பெருந்தீங்கு விளைவிக்கும். பாதம் தொங்குபவருக்குக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் உறை உதவும். சாதாரண ரப்பர்ச் செருப்பைவிடப் பின்பட்டை உள்ள காலணி நல்லது.

சக்கர நாற்காலியைக் குறித்தும் இதே அச்சம் நிலவுகிறது. நெடுந்தூரத்துக்கு அதைப் பயன்படுத்திவிட்டுச் சென்றடைந்த இடத்தில் எழுந்து நடப்பவர், தம் வலிமையைச் சிக்கனமாகச் செலவிடுகிறார். அவர் நடையைக் கைவிட்டவர் ஆகார்.

குடும்பத்தார் கைகொடுக்கும் முறை

எப்போதும் கையைப் பிடித்து முன்னால் இழுத்துச் செல்வது தவறான முறை. அது நோயாளியின் சமநிலையைக் குலைக்கிறது. வலுக்குறைந்த பக்கத்தில், அரையடி பின்தங்கி நில்லுங்கள். அவர் உங்கள் முழங்கையைப் பற்றிக்கொள்ளட்டும். அவர் நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். பேசிக்கொண்டே நடப்பது அவருக்கு இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதாகும். படியேறும்போது அவருக்குப் பின்புறமும், இறங்கும்போது முன்புறமும் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, மூச்சு சீரான பின், நாற்காலியைப் பற்றி அவரே எழ உதவுங்கள்.

வீட்டில் செலவின்றிச் செய்யக்கூடியவை பல. தரையில் கிடக்கும் மிதியடியை அகற்றுங்கள். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். படுக்கையருகே டார்ச் இருக்கட்டும். குளிக்கும்போது நழுவாத உறுதியான முக்காலியில் அமரச் சொல்லுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் வாளியும் மிதிவண்டியும் வழியை அடைத்திருந்தால், அண்டை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். நோய்த்தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் 1993-ஆம் ஆண்டு முதல் கிடைத்து வருகின்றன. தள்ளாட்டம் அப்படியே இருக்கிறது என்பதற்காக அவற்றை நிறுத்திவிடக் கூடாது. புதிய சேதம் நேராமல் காப்பதே அவற்றின் பணி. தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் மாத்திரை சிலருக்குக் கால்களை அளவுக்கு மீறித் தளர்த்திவிடும்; இறுக்கத்தையே முட்டுக்கொடுத்து நின்றவர் சரிந்துவிடுவார். அவ்வாறு நேர்ந்தால் தெரிவியுங்கள். தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. நடைவேகத்தைக் கூட்டும் ஃபாம்ப்ரிடின் மருந்து சிலருக்கே பயன்படுகிறது. வலிப்பு வந்தவர்களுக்கு அது கூடாது.

தெருவும் துணைநிற்க வேண்டும்

வீட்டினுள் எவ்வளவு பயின்றாலும், வாசலைத் தாண்டியதும் உடைந்த நடைபாதையும், நிறுத்தப்பட்ட வண்டிகளும், கன்டெய்னர் லாரிகள் விரையும் சாலையும் எதிர்ப்பட்டால், நோயாளி வீட்டுக்குள்ளேயே ஒடுங்குகிறார். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோ ரயில், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாகச் செல்கிறது. நிலையங்களில் லிஃப்ட் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து அந்த லிஃப்ட் வரையிலான தூரமே எம்.எஸ். நோயாளிக்கு எல்லையாகிவிடுகிறது. அந்தத் தூரத்தைச் செப்பனிடுவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்று நாங்கள் கருதுகிறோம். நடைபாதைக்காக மாநகராட்சியிடம் மனு கொடுப்பது சலுகை கேட்பது ஆகாது.

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் எம்.எஸ். இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளுள் அது ஒன்று. பாதிப்பு 40 விழுக்காடு அல்லது அதற்குமேல் எனச் சான்றளிக்கப்பட்டால், சட்டம் வழங்கும் பல உரிமைகளைப் பெறலாம். தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள். மருத்துவமனைக்கு வர இயலாதோருக்கு இல்லத்திலேயே இயன்முறை சிகிச்சை அளிப்பதும், 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அடங்கும். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 1985 முதல் இயங்கி வரும் இந்திய மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. இதே நோயுடன் வாழும் மற்றொருவருடன் பேசுவதால் கிடைக்கும் துணிவை எங்களால் மருந்துச் சீட்டில் எழுதித்தர இயலாது.

அச்சத்துக்கு எங்கள் மறுமொழி

“விழுந்து எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது? ஒருநாள் கூலியை இழந்தால் அடுப்பு எரியாதே” என்று கேட்கும் குடும்பத்தாரின் அச்சம் நியாயமானது. அடிக்கடி விழுபவரும், அண்மையில் நோய்த்தாக்குதலுக்கு உள்ளானவரும் துணையின்றி நடக்கக் கூடாது என்பதை நாங்களும் வற்புறுத்துகிறோம். எங்கள் வேண்டுகோள், எவ்வளவு நடக்கலாம் என்பதை அச்சத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் அளவைக் கொண்டு முடிவு செய்யுங்கள் என்பதே. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை நொடிகள் ஆகின்றன என்பதை மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒருவர் உடனிருக்க அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். விழுந்த நாட்களையும் அதிலேயே குறியுங்கள். அடுத்த வருகையின்போது அதைக் கொண்டுவந்தால், “பரவாயில்லை”, “முன்னைப்போல இல்லை” என்னும் சொற்களைவிட அது எங்களுக்குப் பன்மடங்கு உதவும்.

கால் தளர்ச்சியோ தள்ளாட்டமோ புதிதாகத் தோன்றி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காத்திராமல் வந்துவிடுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோகூடப் பழைய அறிகுறிகளைத் தற்காலிகமாகக் கிளப்பக்கூடும். எது என்று பரிசோதித்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. கடையில் ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கித் தாமாக உட்கொள்ள வேண்டா.

நாளைக் காலை, நோயுற்றவர் தண்ணீர் எடுக்க எழுந்தால், உடனே தடுக்காதீர்கள். அருகில் சென்று நில்லுங்கள்; அவரே எடுத்துவரட்டும்.